மகள் கேட்ட கேள்வி

ஆசிரியனுக்கு அறியாமை அழகன்று என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. ‘தெரியாது’ என்னும் ஒரு சொல்லைச் சொல்வதற்கு நாம் படும் பாடு சொல்லுந்தரமன்று. அப்பாட்டை நானும் பட்டவன்.

கல்லூரியிலே வரலாறு கற்பிக்கும் எனக்கு வயது நாற்பத்தைந்து. ஒருநாள் இரவு, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் என் மகள் கொப்பியும் கையுமாக வந்து, “அப்பா, ஒரு மூல் எண்டால் என்ன? கணக்கு வருகுது, கருத்துத்தான் விளங்கேல்லை” என்றாள். “நாளைக்குப் பார்ப்பம், பிள்ளை” என்று மழுப்பினேன். அந்த நாளை வரவேயில்லை. மூன்றாம் முறை கேட்டபோது சினந்தும் விட்டேன். அதன்பின் அவள் கேட்கவில்லை. அந்த மௌனம் என்னை வருத்திற்று.

இரசாயனம் என் வாழ்விலே பாதியில் விடுபட்ட பாடம். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நான் பதினைந்து வயதுச் சிறுவன். தென்மராட்சியிலே மரநிழலில் நடந்த வகுப்பில், ஆசிரியர் குடுவையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். மெய்யான குடுவையை நாங்கள் கண்டிலோம். பின்னர் கலைப்பிரிவிற் சேர்ந்து பட்டதாரியானேன்; அச்சம் மட்டும் நீங்கவில்லை.

மகள் உறங்கியபின் இணையத்திலே தேடினேன். அமெரிக்காவிலுள்ள மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகம், தன் பாடங்களை எவரும் கட்டணமின்றிப் பயிலலாமென 2001 ஆம் ஆண்டில் அறிவித்தது. பேராசிரியை கதரின் திரென்னன் அங்கு நிகழ்த்திய இரசாயன விரிவுரைகள் எனக்குக் கிடைத்தன. ஆங்கிலம் வேகமாகச் சென்றது. நிறுத்தியும், மீட்டும், அகராதி புரட்டியும் ஒரு விரிவுரையை மூன்று இரவுகளிற் கேட்டு முடித்தேன்.

அணுவின் கருவைப் பற்றிய விரிவுரையை மறக்கவியலாது. மெல்லிய பொற்றகட்டிலே செலுத்திய அல்பாத் துணிக்கைகளிற் பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சிலவே திரும்பின. அதுகொண்டு 1911 ஆம் ஆண்டில் இரதபோர்ட்டு, அணுவின் நடுவே மிகச் சிறியதொரு கரு உண்டென்று துணிந்தார். இதனை விளக்க, சட்டமொன்றிலே பந்துகளைத் தொங்கவிட்டு, மேசைப்பந்துகளை எறியுமாறு மாணவரை ஏவினார் பேராசிரியை. திரும்பிய பந்துகளை எண்ணியே தொங்கும் பந்துகளின் பருமனைக் கணித்தனர். எஞ்சிய சான்றுகளைக்கொண்டு மறைந்துபோன காலத்தை உய்த்தறிவதன்றோ என் தொழில்! இரசாயனம் அன்று எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

மூலும் மெல்ல விளங்கிற்று. டசின் என்பது பன்னிரண்டு. மூலும் அதுபோன்றதோர் எண்ணிக்கையே. 2019 ஆம் ஆண்டு முதல் அது 6.02214076 × 10²³ எனத் திட்டமாக வரையறுக்கப்பட்டுள்ளது. உள்ளங்கையில் ஏந்தும் 18 கிராம் நீரிலே ஏறத்தாழ அத்தனை மூலக்கூறுகள்!

ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்த மகள் என்னைக் கண்டுவிட்டாள். “என்ன அப்பா படிக்கிறியள்?”

“நீ கேட்டதுக்கு எனக்கு விடை தெரியேல்லை, பிள்ளை. அதுதான் படிக்கிறன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்து என்னருகே அமர்ந்தாள்.

அன்று தொட்டு இருவரும் ஒன்றாகப் பயில்கின்றோம். ஆங்கிலம் என் பங்கு. கணிதம் அவள் பங்கு. திரையிலே காணும் பாடத்திற்குக் கைப்பழக்கம் இல்லையென்பது அதன் குறை. அக்குறையை அடுக்களை சிறிது நிரப்பிற்று. மஞ்சள் நீரிற் சுண்ணாம்பு சேரச் சிவப்பதை ஆலத்தித் தட்டிலே சிறுவயது முதற் கண்டிருந்தும், அது காரத்தைக் காட்டும் குறியென இப்போதுதான் உணர்ந்தேன். தேசிக்காய் பிழிந்ததும் சிவப்பு மறைந்து மஞ்சள் மீண்டது.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீனின் முயற்சியால், ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875 ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தது. அத்தகைய மரபுடைய நாம், இத்தகைய விரிவுரைகளைத் தமிழிலும் முறையாக ஆக்கித் தருதல் வேண்டும்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிடின் சினவாதீர்கள்; உடனிருந்து தேடுங்கள். என் மகள் இப்போது மீண்டும் கேள்வி கேட்கின்றாள். அதனினும் பெரிய பேறு எனக்கு வேறில்லை.