எங்கடா போடணும்?

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கிளாஸ் மிஸ் என் பையனின் ரேங்க் கார்டை நீட்டி, ''இது உங்க கையெழுத்துதானே சார்?'' என்றார். கணக்கில் 34. அந்த மார்க்கை நான் பார்த்ததே இல்லை. ஆனால், கீழே என் கையெழுத்து இருந்தது. என்னைவிட அழகாகவே போட்டிருந்தான்.

பக்கத்தில் பையன் தரையைப் பார்த்தபடி நின்றான். என்ன தோன்றியதோ, ''என்னோடதுதான் மிஸ்'' என்று சொல்லிவிட்டேன்.

பைக்கில் வரும்போது இருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அவனுடைய ரஃப் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கம் முழுக்க என் கையெழுத்து. முப்பது, நாற்பது தடவை எழுதிப் பழகியிருக்கிறான். 'இதுல பாதி உழைப்பைக் கணக்குல காட்டியிருந்தா...' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ''ஏன்டா, உன்னை என்னைக்காவது அடிச்சிருக்கேனா?'' என்றேன்.

''அடிக்க மாட்டீங்கப்பா. ஆனா, மூணு நாள் பேச மாட்டீங்க.''

சுருக்கென்றது. 'பிள்ளை மேல கை வெச்சதே இல்ல' என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான்.

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி. அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். வேலை முடிந்து கிரீஸ் வாசனையோடு வருகிறவரிடம் ரேங்க் கார்டை நீட்டினால், ''எங்கடா போடணும்?'' என்பார். நிதானமாகத் தமிழில் பெயரை எழுதுவார். பேனாவை மூடிவிட்டு, ''சாப்ட்டியா?'' என்பார். அவ்வளவுதான். அது என்மேல் வைத்த நம்பிக்கையா, தனக்குத் தெரியாத விஷயத்தில் தலையிடக் கூச்சமா? இப்போது கேட்க அவர் இல்லை. ஆனால், அவர் கையெழுத்தைப் போட்டுப் பழக வேண்டிய அவசியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

2017-ல் பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது. அதைப் பாராட்டி ஆபீஸில் அரை மணி நேரம் பேசியவன்தான், வீட்டுக்குள் ரேங்க் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் பையன் கார்டோடு வந்து நின்றான். பேனாவை எடுத்தேன்.

''எங்கடா போடணும்?''

விரலை வைத்துக் காட்டினான். ஓரக்கண்ணால் கணக்கு மார்க்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 41. நான் என் அப்பா இல்லையே! கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடினேன்.

''சாப்ட்டியா?''

''இன்னும் இல்லப்பா.''

தட்டு இரண்டை நானே எடுத்து வைத்தேன்.