பழைய சைக்கிளை மாத்தலாமா, வேணாமா?

போன மாசம் அக்கா பையன் சென்னையிலேர்ந்து சைக்கிள்லயே எங்க ஊருக்கு வந்துட்டான். திண்டிவனம், செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கே கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பினவன், சாயந்தரம் 5 மணிக்கு வாசல்ல நிக்கிறான். அக்காவுக்கு போன் போட்டு "உன் புள்ள முழுசா வந்து சேர்ந்துட்டான்"னு சொல்லிட்டு, ஒரு சொம்பு மோர் கொடுத்தேன்.

மோரைக் குடிச்சுட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை: "வண்டியை மாத்தணும் மாமா."

200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துல முடிக்கிற 'பிரவே'ன்னு ஒரு ஓட்டம் இருக்காம். அதுல கலந்துக்கணும்னு ஆசை. அவனோடது பத்து வருஷத்து ரோடு பைக். பின்னாடி 8 பல் சக்கரம். அதை 11 ஆக்கினா நேரம் குறையும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கான். செலவு 35,000 ரூபாய்.

"பழைய சக்கரத்தை நீ எடுத்துக்க மாமா, உன் வண்டிக்கும் கியர் வந்துடும்"னான்.

எனக்கும் ஆசை வந்துடுச்சு. என்கிட்ட இருக்கிறது அப்பாவோட ஹெர்குலிஸ். 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்ல செஞ்சது. அதுலதான் நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் தினமும் சைக்கிள் மிதிக்கச் சொன்னதால, மொபெட்டை ஓரங்கட்டிட்டு இதுலதான் கீரைக்கட்டும் கத்திரிக்காயும் ஏத்திக்கிட்டு உழவர் சந்தைக்குப் போறேன். ஒரே தொல்லை, எங்க ஏரிக்கரை மேடு. அதுல ஏறும்போது வலது முட்டி உயிர் போகுது. வீட்டுல, "அதைப் பழைய இரும்புக்குப் போடுங்க, இல்லன்னா முட்டிக்கு ஆபரேஷன் பண்ணுங்க"ன்னு பேச்சு.

மறுநாள் ரெண்டு வண்டியையும் டவுன்ல பாய் கடைக்குக் கொண்டுபோனோம். பாய் நாப்பது வருஷமா சைக்கிளுக்குக் கோட்டம் எடுக்கிறவர். சுத்தியல், ஸ்பானர் எதையும் தொடல. ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

"ரெண்டு வண்டிக்கும் செயின் கண்ணி அரை இஞ்ச்தான் அண்ணே. புதுச் செயின்ல 24 கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கும்"னு சொல்லி அளந்தார். என்னோடது சரியா இருந்தது. பையனோடது கோட்டைத் தாண்டி நல்லாவே நீண்டிருந்தது. செயின் நீண்டா பல்லையும் சேர்த்துத் தின்னும். டயரைத் தட்டிப் பார்த்தார், கல்லு மாதிரி. 23 மில்லிமீட்டர் டயர்ல 120 பவுண்டு காத்து அடிச்சிருக்கான். "நம்ம ரோட்டுல இது உருளாது தம்பி, குதிக்கும். குதிக்கிறதுல பாதி பலம் போயிடும்."

11 கியர் பேச்சை எடுத்தான். ஒண்ணை மாத்தினா அது அடுத்ததை இழுத்துக்கிட்டே போச்சு. பின்னாடி பல் அடுக்கை மாத்தணும். அந்த அடுக்கு அகலம் கூடுதல், இப்ப இருக்கிற ஹப்புல உட்காராது, அதனால சக்கரம் மாத்தணும். கைப்பிடி லிவர் 8 கியருக்கானது, அதையும் மாத்தணும். செயின் வேற மெலிசு.

எனக்கு அப்ப எங்க கிணறு ஞாபகம் வந்தது. தண்ணி பத்தலன்னு 5 எச்.பி. மோட்டாரை எடுத்துட்டு 7½ எச்.பி. போட்டேன். பைப், ஒயர், ஸ்டார்ட்டர் எல்லாம் பெருசு பண்ண வேண்டியதாப் போச்சு. மோட்டார் வேகமா இறைச்சுது, கிணறு வேகமா வத்துச்சு. ஊத்து எவ்வளவோ அவ்வளவுதானே! அதைச் சொன்னேன். "செஞ்சியில எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த மாப்ள?"ன்னு கேட்டேன். ஒன்றரை மணி நேரமாம். இடுப்பு பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அதுக்கும் கியருக்கும் சம்பந்தம் இல்ல.

அடுத்து என் வண்டி. மாப்ளயோட பழைய சக்கரம் இதுல ஏறவே ஏறாது. என் ரிம் 635 மில்லிமீட்டர், அவனோடது 622. பின் ஃபோர்க்கு இடைவெளியும் பத்தாது. நெருக்கி நுழைச்சாலும் கம்பி பிரேக்கோட கட்டை அந்த ரிம்முல பிடிக்காது.

பாய் குனிஞ்சு பின் சக்கரத்துப் பல்லை எண்ணினார். 18. "22 பல் ஃப்ரீவீல் போடுறேன், மூணு சக்கர வண்டிக்குப் போடுறது. செயின்ல ரெண்டு கண்ணி சேர்த்தாப் போதும்"னார். முன்னாடி 44 பல். முன்ன ஒரு மிதிக்கு வண்டி அஞ்சரை மீட்டர்கிட்ட ஓடும். இனி நாலரை. வேகம் குறையும், முட்டிக்கு வேலையும் குறையும். கூலியோட சேர்த்து 450 ரூபாய். ஆபரேஷன்னு பேசின முட்டிக்கு நாலு பல்!

ஆனா பிரேக் பத்தி மறைக்காம சொல்லணும். இரும்பு ரிம் நனைஞ்சா கட்டை வழுக்கும். 2004 மழையில இதே வண்டியிலதான் அப்பா ஏரிக்கரை இறக்கத்துல விழுந்து கை உடைஞ்சது. அதுக்கப்புறம் அவர் இதை ஓட்டவே இல்ல. "இதுக்கு வழி இருக்கா பாய்?"னு கேட்டேன். "நனைஞ்சா இது இப்படித்தான் அண்ணே. நல்ல பிரேக் வேணும்னா புது வண்டி வாங்குங்க. இதை அப்படி ஆக்கறேன்னு காசைக் கொட்டாதீங்க"ன்னார். அப்பா வண்டின்னு மனசு கிடந்து அடிச்சுக்கிட்டாலும், அவர் சொன்னது நியாயம். மழை பெஞ்சா மொபெட்தான்னு அங்கேயே முடிவு பண்ணேன்.

மாப்ள புதுச் செயின், அதே 8 பல் அடுக்குல புதுசு, கேபிள், 25 மில்லிமீட்டர் டயர் மட்டும் போதும்னு ஒத்துக்கிட்டான். சென்னைக்குப் போய்தான் மாத்தணும். பாய் அவன் சீட்டை அரை இஞ்ச் இறக்கிக் கொடுத்தார். காசு வாங்கல.

மறுநாள் விடியக்காலை ரெண்டு பேரும் கிரிவலப் பாதையில 14 கிலோமீட்டர் சுத்தினோம். பௌர்ணமி இல்லாததால ரோடு காலியா இருந்தது. அவன் முன்னாடி போய்ப் போய் எனக்காக நின்னான். ஆதி அண்ணாமலைகிட்ட, "இடுப்பு வலிக்கல மாமா"ன்னான்.

இப்ப ஏரிக்கரை மேட்டை உட்கார்ந்தபடியே ஏறிடறேன். பையன் இன்னும் பிரவே ஓடல, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பழகுறான். உங்க வீட்டு மூலையிலயும் ஒரு பழைய சைக்கிள் நின்னா, கடைக்குப் போறதுக்கு முன்ன ஒரு ஸ்கேலை எடுத்து செயினை அளந்து பாருங்க. அது உங்களை எங்க நோகடிக்குதுன்னு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. நோகுற இடத்தை மட்டும் மாத்துங்க.

நேத்து ராத்திரி இங்க நல்ல மழை. மல்லாட்டைக்கு நல்லது. இன்னிக்கு சந்தைக்கு மொபெட்லதான் போனேன்.