கொழுந்து லொறியும் ஒரு ரப்பர் வளையமும்

மத்ரஸாவில் 'இஜாரா' என்னும் கூலி ஒப்பந்தப் பாடம் வந்தால் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். தையல்காரன் துணியைக் கெடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு என்ற பேச்சில் இளைஞர்களுக்கு என்ன சுவை இருக்கப் போகிறது! சென்ற ஆண்டு அந்தப் பாடம் டீசல் வாடையோடு என் வீட்டு வாசலுக்கே வந்தது.

என் மச்சான் இறக்குவானைப் பக்கம் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்தைச் சேர்த்து, லொறியில் மலைமேல் உள்ள தொழிற்சாலைக்குக் கூலிக்குக் கொண்டுபோகிறவர். கொழுந்து பறித்த பின்னும் மூச்சுவிடும் பொருள். சாக்கில் இறுகிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். பிறகு அதில் நல்ல தேயிலை வராது.

லொறியைக் கம்பனி நிலையத்தில் சர்விஸ் செய்து எடுத்து வந்தார். மறுநாள் சுமையோடு புலுத்தொட்டைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது லொறிக்கு இழுவையே இல்லை. வெறுமையாகச் சமதரையில் ஓடினால் ஒரு குறையும் தெரியவில்லை. "டீசல் சரியில்லை" என்றனர் சிலர். 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற பிறகு நம்மவர்கள் எதற்கும் டீசலைத்தான் குறை சொல்கிறார்கள்! அடுத்த நாளும் அதே லொறியில் ஏற்றினார். இரண்டு நாளும் கொழுந்து தாமதித்துச் சிவந்தது. தொழிற்சாலை எடையில் கழித்தது. கழிவு விழுந்தது தோட்டக்காரர்களின் கணக்கில்.

மூன்றாம் நாள் ஊர்க் கராஜ் பாஸிடம் போனோம். அவர் முதலில் புகையைத்தான் பார்த்தார். காற்று வடிகட்டி அடைத்திருந்தால் கரும்புகை தள்ளும். இங்கே புகை இல்லை. அப்படியானால் டீசல் போதவில்லை என்றார். பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி இஞ்சினை முடுக்கினார். டீசலோடு காற்றுக் குமிழிகள் ஓடின. டீசல் வடிகட்டியைக் கழற்றினால், பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் மேலே ஒட்டியபடியே இருக்கிறது. அதன்மேல் புதியதைப் பூட்டியிருக்கிறார்கள்! அந்த இடத்தில் பம்பு டீசலை உறிஞ்சுவதால் வெளியே ஒழுகவில்லை. காற்றுத்தான் உள்ளே போயிருக்கிறது. மெதுவாக ஓடும்போது சமாளித்த இஞ்சின், சுமையில் பட்டினி கிடந்தது.

மச்சான் கொதித்தார். "மௌலவி, ரெண்டு நாள் நஷ்டத்தையும் அவனுகள்ட்ட வாங்கித் தாங்க. மார்க்கம் என்ன சொல்லுது?"

நான் கிதாபில் உள்ளதைச் சொன்னேன். கைவினைஞர் கையில் பொருள் கெட்டால் அவரே பொறுப்பு என்பது இமாம்கள் அபூயூஸுப், முஹம்மத் ஆகியோரின் கருத்து. நம் ஷாபிஈ மத்ஹபில் அவருடைய வரம்புமீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் பொறுப்பு. பழைய வளையத்தை எடுக்காமல் விட்டது கவனக்குறைவுதான், கேட்கலாம்.

"ஆனால் மச்சான், நீங்களும் கூலிக்காரர்தானே? முதல் நாள் உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் நாள் லொறி ஏறாது என்று தெரிந்துதானே அடுத்தவர் கொழுந்தை ஏற்றினீர்கள்?"

அவர் முகம் சிவந்தது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். என் மனைவி, "தம்பியிட மனச நோகடிச்சிட்டீங்க" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். எனக்கும் இரவெல்லாம் சங்கடமாகத்தான் இருந்தது.

கம்பனி நிலையத்தார் தவறை ஒப்புக்கொண்டு சர்விஸ் கூலியைத் திருப்பித் தந்தார்கள். கொழுந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மச்சான் கொழுந்துப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். இரண்டாம் நாள் பக்கத்தை விரித்து, "ஒவ்வொருத்தருக்கும் எத்தனை கிலோ கழிஞ்சிருக்கு எண்டு கூட்டுங்க மௌலவி, எனக்குக் கண் தெரியுதில்ல" என்றார்.