ஐந்தாவது கோமாளி

எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடங்கினால், ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கை அடங்கிவிடும். எஸ். ராம்தாஸின் மரிக்கார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரனின் உபாலி, பி.எச். அப்துல் ஹமீதின் ஐயர் என நால்வரும் நான்கு விதத் தமிழ் பேசி ஒருவரையொருவர் சீண்டுவர். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமுமாயிற்று.

நண்பர்கள் நால்வர் அக்குரல்களைப் பங்கிட்டுப் பேசித் திரிந்தோம். ஐந்தாவதாக ஒரு சிங்கள நண்பன் வந்து சேர்ந்தான். உபாலியை அவனுக்கு ஒதுக்கினோம்.

"எனக்கு அப்புக்குட்டிதான் வேணும்" என்றான்.

அப்புக்குட்டி என் பங்கு. மனமின்றியே கொடுத்தேன். அவனுடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு, அந்த மண்ணில் பிறந்த என் தாயாரே வயிறு குலுங்கச் சிரித்தார்.

1983 ஜூலையில் ஓரிரவு எங்கள் கதவு தட்டப்பட்டது. எவரும் அசையவில்லை.

"அம்மா, அப்புக்குட்டி வந்திருக்கிறன். பயப்பிடாமல் திறவுங்கோ."

தாயார்தான் எழுந்து திறந்தார்.