தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?

தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்கு சைக்கிளில் போகிறோம், மூன்று நாள் ஆகும் என்று சொன்னதும் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். மொத்தமே 120 கிலோமீட்டர் சொச்சம்தான். பைக்கில் ஒரே மூச்சில் போய்விடலாம். சிரித்தது நியாயம்தான். ஆனால் எங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. எனக்கு ஒரு விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் வேண்டியிருந்தது.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் தாத்தாவுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது (மூன்று மா ஒரு ஏக்கர்). அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நிலத்தை விற்றுவிடலாமா என்ற பேச்சு இரண்டு வருடமாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "நீதான் பி.காம் படிக்கிறியே, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார் அப்பா. போட்டேன். உழவு, விதை, உரம், அறுவடை மெஷின் வாடகை, தாத்தாவின் உழைப்புக்கு ஒரு கூலி என்று எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினேன். விற்று பேங்கில் போட்டால் வரும் வட்டி, நிலம் தருவதைவிட அதிகம். சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ஷீட்டை அப்பாவுக்கு அனுப்பாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். அப்போதுதான், 2025 பொங்கல் லீவில், நண்பன் இந்த சைக்கிள் யோசனையோடு வந்தான்.

என்னுடையது பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது. அடக்கவிலை பூஜ்யம், தேய்மானம் மட்டும் ஏராளம் :-) நண்பன் ஓட்டியது அவன் அண்ணனுடையது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின் கழன்றுவிடும். அதுவே எங்களுக்கு ஓய்வு நேரம்.

டெல்டாவில் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு சௌகரியம், மேடு என்பதே கிடையாது. ஏற்றம் என்று சொன்னால் பாலங்கள் மட்டும்தான். ஆற்றுக்கு ஒன்று, வாய்க்காலுக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். மூச்சுமுட்ட மிதித்து ஏறி, உச்சியில் இறங்கி நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்ப்போம். ஒவ்வொரு பாலத்திலும் ஒரு போட்டோ எடுத்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

முதல் நாள் அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம். சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடு. பைக்கில் போகும்போது இதே நெல்லைத் திட்டியிருக்கிறேன். சைக்கிளில் போனால் காலால் துழாவிக்கொண்டிருக்கும் அம்மாவின் முகம் தெரிகிறது, திட்ட வாய் வரவில்லை. அறுத்த வயலில் ஒருவர் ஆயிரக்கணக்கில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். ரோட்டை அவை கடந்து முடிக்கும்வரை நின்றோம். ஒரு டீ குடித்திருக்கலாம், அவ்வளவு நேரம்.

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு பார்த்தோம். வெண்ணாறு இங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஷட்டர்களுக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு போனது. காவிரி கல்லணையில் பிரிந்து, இங்கே பிரிந்து, கீழே அரிச்சந்திரா நதி, முள்ளியாறு, அடப்பாறு என்று இன்னும் பிரிந்து, வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகி கடைசி வயலுக்குப் போகிறது. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அன்று ராத்திரி மன்னார்குடியில் நண்பனின் பெரியம்மா வீட்டில் போட்டோக்களைத் தள்ளிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஆறு ஒன்று மூன்றானால், அளவும் மூன்றாகத்தானே பங்காகும்?

இரண்டாம் நாள் அதைக் கண்ணால் பார்த்தேன். திருத்துறைப்பூண்டியை நெருங்க நெருங்க மரங்கள் குறைந்து, வானம் பெரிதாகி, எதிரே கீழைக்காற்று பிடித்துக்கொண்டது. மேடில்லாத ஊரில் காற்றுதான் மேடு. ஒவ்வொரு பாலத்துக்கும் தண்ணீர் ஒரு பிடி இறங்கியது. தஞ்சாவூர் பக்கம் கரை தொட்டு ஓடியது, இங்கே வெங்காயத்தாமரைக்கு அடியில் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. பயிரும் மாறியது. மேலே அறுவடை நடக்கிறது, இங்கே கதிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். கடைமடைக்கு எல்லாமே அதற்கும் பிந்தித்தான்.

தாத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. "வாப்பா" என்றார். அடுத்து, சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"வழியில தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

போனை எடுத்தேன். பாலம் பாலமாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாங்கள் மார்க் ஷீட் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தில் நிறுத்தி, "இங்க இவ்வளவு ஓடுதுன்னா நாளன்னிக்கு நம்மளுக்கு வரும்" என்றார். இன்னும் ஒரு தண்ணி கிடைத்தால் பயிர் தப்பித்துவிடுமாம். மேட்டூர் மூட இரண்டு வாரம்கூட இல்லை.

மறுநாள் விடியற்காலையில் வயலுக்கு அழைத்துப் போனார். எழுபத்து நாலு வயதில் எங்களைவிட வேகமாக சைக்கிள் மிதிக்கிறார். வரப்பு ஓரத்தில் தென்னைகள் வரிசையாக நின்றன. 2018 நவம்பர் 16-ல் கஜா புயலில் விழுந்த பழைய மரங்களுக்குப் பதிலாக அடுத்த வருடம் வைத்தவை. இப்போதுதான் பாளை விடுகின்றன. மதகுப் பக்கம் உட்கார்ந்தோம். வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"உங்கப்பன் கணக்கு கேட்டானாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமா தாத்தா."

"கணக்கு சரியாத்தான் இருக்கும். நான் போட்டாலும் அப்படித்தான் வரும்." கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மதகுல முன்னாடி பதினோரு பேரு. இப்ப நாலு பேரு. தண்ணி வரலைன்னு ஆபீஸ்ல போயி நிக்கிறதுக்கு நாலு பேரு. நான் வித்துட்டா மூணு. ஆளு குறைஞ்சா அப்புறம் யாருக்காக இங்கவரைக்கும் தண்ணி விடுவான்? நல்ல தண்ணி வராத மண்ணுல உப்பு ஏறிடும். அதையும் உன் கணக்குல போட்டியா?"

போடவில்லை. எந்த காலத்தில் போடுவது என்றும் தெரியவில்லை.

அன்றே கோடியக்கரைக்கு மிதித்தோம். வேதாரண்யம் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்தே கிளம்பியவர்கள் 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ம் தேதி உப்பு அள்ளினார்கள். மூன்று நாளா என்று சிரித்த நண்பர்கள் கவனிக்கவும். அதற்கப்பால் சதுப்பு நிலம் மேற்கே முத்துப்பேட்டைவரை விரிந்து கிடக்கிறது. 2002-லேயே ராம்சர் பட்டியலில் வந்த இடம். தூரத்தில் பூநாரைக் கூட்டம், வெள்ளைக் கோட்டின்மேல் ரோஸ் பூசினதுபோல். வெளிமான்கள் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. நண்பன் குஷியில் கத்தினான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கண் சேற்றில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பிலேயே நின்றது. தாத்தா வயலிலிருந்து இருபது கிலோமீட்டர்தான்.

திரும்பும்போது வைக்கோல் இறக்கிவிட்டு வந்த ஒரு குட்டியானையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டோம். மூன்று நாள் போன தூரம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. பாலங்கள் எல்லாம் ஒரு குலுக்கலோடு போய்விட்டன. ஒன்றில்கூட தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க முடியவில்லை.

ஷீட்டை அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன், ஒரு எண்ணையும் மாற்றாமல். கூடவே பாலம் போட்டோக்களையும் வரிசையாக அனுப்பி, அறுப்புக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று எழுதினேன். கம்பெனியில் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நீங்களும் இந்த வழியில் போவதானால் தை மாதம் நல்லது. காற்றடிக்கும் பம்ப் மறக்காதீர்கள். காயும் நெல்மீது ஏற்றாதீர்கள். பாலங்களில் நின்று தண்ணீரைப் பார்த்து வையுங்கள். கீழே போகப் போக யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

மூன்றாம் நாள் தாத்தா போன் பண்ணினார். "வந்துருச்சுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.