ஒரு லீற்றரின் தூரம்

சப்பிரகமுவ மலைச்சரிவுகளில் எப்பொருளும் தானாக நகர்வதில்லை. பறித்த கொழுந்து வாடிச் சூடேறுமுன் ஆலையை அடைதல் வேண்டும்; இறப்பர்ப் பால் உறையுமுன் தொழிற்சாலைக்குச் செல்லுதல் வேண்டும்; அரிசியும் மாவும் உரமும் நகரிலிருந்து மேலேறி வருதல் வேண்டும்; நோயுற்றவர் நள்ளிரவாயினும் வைத்தியசாலையைச் சேர்தல் வேண்டும். ஒரு காலத்தில் இப்பகுதியின் சுமையிற் பெரும்பங்கைத் தாங்கியது களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகையிரதப் பாதை. 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் அது எட்டியது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாலான பாதை 1970களில் கைவிடப்பட்டது. தண்டவாளம் சுமந்ததை அதன்பின் டயர்கள் சுமக்கலாயின. லொறியும் உழவு இயந்திரமும் பிக்கப்பும் தோட்ட வாழ்வின் கைகால்கள் ஆயின.

இவற்றுள் பிக்கப் தனியிடம் பெறுவது. லொறி திரும்பவியலாத வளைவில் அது திரும்பும். உழவு இயந்திரம் செல்லத் தயங்கும் நெடுந்தூரத்துக்கும் அது செல்லும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இன்றும் ஓடும் பிக்கப்புகளிற் பல, ஜப்பானில் உருவாகி முப்பது ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள். அவற்றிற் கணினி இல்லை. பம்பும் இன்ஜெக்டரும் கவர்னரும் இரும்பின் கணக்கிலேயே இயங்குகின்றன. புதியது வாங்கும் வசதி பலருக்கும் இல்லை. வசதி இருந்தவர்க்கும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே பரவலாக மீண்டும் திறந்தது. ஆகவே பழைய வண்டியைப் பேணுதல் விருப்பத்தின்பாற்பட்டதன்று, வேறு வழியின்மையின்பாற்பட்டது.

இவ்வண்டி ஒரு லீற்றருக்கு எத்துணைத் தூரம் ஓடுகிறது என்னும் கேள்வி, 2022ஆம் ஆண்டுக்கு முன்னர் காரியாலயக் கணக்கேடுகளுக்குள் அடங்கிக் கிடந்தது. அவ்வாண்டு அது ஊரின் கேள்வியாயிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதத்தில் 400, ஜூனில் 460 ரூபா என ஏறியது. விலை கொடுப்பதற்கும் பொருள் கிடைக்கவில்லை. எரிபொருள் நிரப்பு நிலையங்களில் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி என்னும் குறியீட்டு முறை வந்து வாராந்தப் பங்கீட்டை வகுத்தது; 2023 செப்டெம்பர் முதலாந் திகதி வரை அது நீடித்தது. அந்நாட்களில் தோட்டத்து வண்டியின் தாங்கியில் எஞ்சியிருந்த டீசலின் அளவு, பிரசவ வேதனையுற்ற ஒரு பெண் கரவனெல்லைக்கோ இரத்தினபுரிக்கோ போய்ச் சேர இயலுமா என்பதைத் தீர்மானிக்கும் அளவாகவும் இருந்தது.

எளிய கணக்கொன்றை நோக்குக. நாளொன்றுக்கு 40 கிலோமீற்றராக, மாதத்தில் 25 நாட்கள் ஓடும் பிக்கப் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறது. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினால் 125 லீற்றர் வேண்டும். 10 ஓடினால் 100 லீற்றர் போதும். மீதம் 25 லீற்றர். 2022 ஜூன் விலையில் அது 11,500 ரூபா. தோட்டத் தொழிலாளியின் அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபாவாகும். எனவே பராமரிப்பற்ற ஒரு வண்டியின் புகைக்குழாய் வழியே, மாதந்தோறும் ஒருவருடைய பதினொன்றரை நாள் உழைப்பு வெளியேறியது என்க.

இதில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடும் நல்ல வண்டியை 17 ஓடச் செய்தால், 1,000 கிலோமீற்றரில் மீள்வது நான்கு லீற்றருக்கும் குறைவே. 8 ஓடும் வண்டியை 9 ஓடச் செய்தாலோ ஏறக்குறைய 14 லீற்றர் மீளும். ஒரு கிலோமீற்றர் என்னும் அதே முன்னேற்றம், தாகம் மிகுந்த வண்டியிலேயே பெரும்பயன் தருகிறது. பழைய வண்டிதானே என்று கைவிடுவோர் காணத் தவறுவது இதனையே.

ஆயினும் ஓட்டம் குறைந்தவிடத்து முதலில் ஐயுறப்படுவது பெரும்பாலும் வண்டியன்று; சாரதியே. மாத இறுதியில் காரியாலயத்துக் கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டி, “போன மாதம் எட்டு ஓடின வண்டி, இந்த மாதம் ஏன் ஏழு ஓடுது?” என்று வினவுவார். “வண்டியைத்தான் ஐயா கேட்கணும்” என்பான் சாரதி. அவ்விடை துடுக்காகக் கொள்ளப்படும். டீசல் திருடப்படுவதில்லை என்று எவரும் கூறார். திருடப்படும் இடங்கள் உண்டு. ஆனால் அடைபட்ட வடிகட்டியும், ஒழுகும் இன்ஜெக்டரும், இறுகிய பிரேக்கும் விழுங்கிய டீசலுக்கு ஒரு மனிதனின் நாணயம் ஈடாக வைக்கப்படுமாயின், அது டீசல் இழப்பினும் பெரிய இழப்பு. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் முயற்சி நேர்மையான அளவையிலிருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை.

அளக்கும் முறை கடினமன்று. தாங்கியை வாய்மட்டம் வரை நிரப்பி, ஓட்டமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின், இயன்றவரை அதே நிலையத்தில், அதே சமதளத்தில் வண்டியை நிறுத்தி மீண்டும் வாய்மட்டம் வரை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் விடை கிட்டும். பழைய வண்டியின் ஓட்டமானியை அப்படியே நம்பலாகாது. டயரின் அளவு மாறியிருந்தால் அதன் கணக்கும் மாறும். இரத்தினபுரி வழியாகச் செல்லும் ஏ4 வீதியிலோ, எட்டியாந்தோட்டை வழியாகச் செல்லும் ஏ7 வீதியிலோ நிற்கும் கிலோமீற்றர்க் கற்களோடு பத்துக் கிலோமீற்றர் ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் பிழை தெரிந்துவிடும். சுமையையும் மழையையும் சென்ற வழியையும் உடன் எழுதிவைத்தல் நலம். கொழுந்து ஏற்றிய வாரத்தையும் வெறுமையாக ஓடிய வாரத்தையும் ஒன்றாக நிறுப்பது நீதியாகாது.

அளந்தறிந்த பின்னரே குறையைத் தேடுதல் வேண்டும். டீசல் எஞ்சினுக்குக் காற்றே பாதி உணவு. புழுதி நிறைந்த தோட்டப் பாதையில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். ஊற்றிய டீசல் முழுதும் எரியாது கரும்புகையாகும். கரும்புகை என்பது காசு கொடுத்து வாங்கிய டீசலின் கரியே. வடிகட்டி தூயதாக இருந்தும் புகை வருமாயின், இன்ஜெக்டரின் முனை தேய்ந்து தூவாமல் ஒழுகுகின்றது என்றோ, பம்பின் நேரம் பிந்திவிட்டது என்றோ கொள்ளலாம். அவற்றைச் சோதனை மேடையுள்ள வேலைத்தளத்தில் அழுத்தம் பார்த்துச் சீர்செய்தல் வேண்டும். இழுவை போதவில்லை என்று பம்பின் திருகாணியைத் தாமே திருப்பி டீசலைக் கூட்டுவோர், இழுவையைச் சிறிதும் புகையைப் பெரிதும் பெறுகின்றனர்.

மலைநாட்டுக் கராஜ்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம் ஒன்றுண்டு. எஞ்சின் கொதிக்கின்றது என்று கண்டவுடன் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவர். கொதித்தற்குரிய காரணம், அழுக்கடைந்த ரேடியேட்டர், அங்கேயே இருக்கும். வால்வில்லாத எஞ்சினோ, குறுகிய ஓட்டங்களில் உரிய வெப்பநிலையை எட்டுவதேயில்லை. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடித்திருக்கும். டீசல் சரிவர எரியாது. சிறிய வால்வு ஒன்றை மீண்டும் பொருத்தி, ரேடியேட்டரைக் கழுவுவது மலிவான வைத்தியங்களுள் ஒன்று.

சில்லுகளும் டீசலை உண்ணும். கரடுமுரடான பாதைக்கென்று காற்றைக் குறைத்த டயர், தார் வீதிக்கு இறங்கியபின் வண்டியைப் பின்னிழுக்கும். அளவுக்கு மிஞ்சி ஊதுவதும் தீர்வன்று. மழை நனைத்த சரிவில் பிடிப்புக் குறையும். சமதளத்தில் ஓடி நின்றதும் ஒரு சில்லின் நடுப்பகுதி மட்டும் மற்றவற்றிலும் மிகச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் விடாது பிடித்திருக்கின்றது அல்லது பெயாரிங் தேய்ந்திருக்கின்றது என அறியலாம். கொழுந்து மடுவத்தில் நிறுவை முடியும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதும் கணக்கில் வரும். மணிக்கு அரை லீற்றர் என வைத்தாலும், நாளுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு மாதத்தில் 12 லீற்றரைக் கடக்கும். இதற்குக் கருவி வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் போதும். பற்றரி வலுவிழந்து, அணைத்தால் மீளக் கிளம்பாது என்ற அச்சத்தினாலேயே பல வண்டிகள் ஓடிக்கொண்டே நிற்கின்றன. அங்கே டீசலை மீட்பதற்கு வாங்கவேண்டியது பற்றரியே.

இனி, மலை விதிக்கும் வரியைக் காண்போம். இரண்டு தொன் எடையை 300 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய 6 மெகாயூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் சுமார் 36 மெகாயூல் உள்ளது. எஞ்சின் அதில் பத்தில் மூன்று பங்கையே வேலையாக மாற்றுகிறது எனக் கொண்டால், ஏற்றத்துக்கு மட்டும் அரை லீற்றருக்குச் சற்று மிகுதியாகச் செலவாகும். இதனை எவ்வித்தையாலும் தவிர்க்க இயலாது. வீணான எடையை இறக்குதலே வழி. பெட்டியின் மூலையில் கிடக்கும் பழைய இரும்பும் மழைநீர் ஊறிய சாக்குகளும் சேர்ந்து 100 கிலோவாயின், நாளுக்கு நான்கு ஏற்றம் என மாதத்தில் இரண்டரை லீற்றருக்கு மேல் அவற்றைச் சுமப்பதற்கே போய்விடும்.

ஏற்றத்தில் செலவழித்ததை இறக்கத்தில் மீட்கலாம் என்று எண்ணிப் பல சாரதிகள் நியூட்ரலில் விடுகின்றனர். சிலர் எஞ்சினையே அணைக்கின்றனர். இது சிக்கனமன்று, ஆபத்து. கியரில் இருந்தவாறே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், கவர்னர் டீசலை முற்றாக நிறுத்திவிடும்; சில்லுகளே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் தானே சுழல்வதற்கு டீசலை எரித்தாக வேண்டும். அதாவது, மிச்சம் பிடிப்பதாக எண்ணியவன் செலவழிக்கின்றான். எஞ்சினை அணைத்தவன் சில துளிகளை மீட்டாலும், பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையை இழக்கின்றான். ஓரிரு முறை மிதித்தபின் பெடல் கல்லாகும். மேலே ஏற்றிய அந்த 6 மெகாயூலும் இறங்கும்போது எங்கேனும் வெப்பமாகியே தீரவேண்டும். ஏறக்குறைய 19 லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யும் வெப்பம் அது. எஞ்சின் அதிற் பங்கேற்காவிடின், முழுவதும் பிரேக் லைனிங்கின் மீதே விழும். பெட்டியில் கொழுந்துச் சாக்குகளின் மேல் மனிதரும் அமர்ந்து செல்லும் பாதைகளில், ஒரு கோப்பை டீசலுக்காக வைக்கத்தகுந்த பணயமன்று இது. ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் பழஞ்சாரதிகளின் விதி, சிக்கனத்துக்கும் உயிருக்கும் ஒருங்கே பொருந்துவது.

குறுக்குவழிகள் வேறும் உள. டீசற் குழாயிற் கட்டும் காந்தமும், தாங்கியில் ஊற்றும் மருந்தும் காலந்தோறும் விற்பனைக்கு வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய சாதனங்களை நூற்றுக்கு மேல் ஆராய்ந்து, மிகச் சிலவே சிறிதளவேனும் பயன் தந்ததாகக் கண்டது. டீசலில் மண்ணெண்ணெய் கலத்தல் இவை எல்லாவற்றிலும் கேடானது. 2022இல் டீசல் 460 ரூபாவாக இருந்தபோது, மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாகவே இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் 340 ரூபாவாக உயர்ந்தது. அந்த இடைவெளி பலரையும் ஈர்த்தது. ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. டீசலையே மசகாகக் கொண்ட பம்பின் உறுப்புகள் அதனால் தேயும். லீற்றருக்குரிய சக்தியும் டீசலினும் குறைவு. அன்றியும், லயத்து அடுப்புக்கும் விளக்குக்கும் உரிய எண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது, தூரத்தை மீட்பதன்று. ஒருவர் வீட்டு வெளிச்சத்தை மற்றொருவர் பாதைக்கு எடுப்பதாகும்.

இவ்வாறு நோக்கின், பழைய பிக்கப்பின் ஓட்டத்தைக் கூட்டும் வழிகளில் வியப்புக்குரியது ஒன்றுமில்லை. வடிகட்டியும் வால்வும் டயரும் பிரேக்கும் சாரதியின் காலும் தத்தம் கடமையைச் செய்தால் போதும். ஆனால் இவற்றுட் பலவற்றுக்குச் சிறிதேனும் பணம் வேண்டும். பணம் சாரதியின் கையில் இல்லை; உரியவர் கையில் உள்ளது. வடிகட்டி கேட்டு மூன்று மாதம் காத்திருக்கும் சாரதியிடம் ஓட்டம் ஏன் குறைந்தது என்று வினவுதல் முறையாகாது. அதனால் ஓட்டப் புத்தகத்தில் தூரமும் லீற்றரும் எழுதப்படும் பக்கத்திலேயே, எந்தப் பழுது எந்நாளில் அறிவிக்கப்பட்டது, எந்நாளில் திருத்தப்பட்டது என்பனவும் எழுதப்படல் வேண்டும். அப்பொழுது ஏழுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு எவரிடம் தேங்கியது என்பதை அப்பக்கமே காட்டும். வண்டி பேசாது, ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட புத்தகம் வண்டிக்காகவும் பேசும், அதனை ஓட்டுபவனுக்காகவும் பேசும்.