குஸ்தியும் கணக்கும்

பொய்க் குஸ்தியைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு ரொலான் பார்த்தின் பெயரைச் சொல்லிவிடலாம். 1957ல் வெளியான 'மித்தாலஜீஸ்' புத்தகத்தை அவர் பாரீஸின் மட்டமான அரங்குகளில் நடந்த குஸ்தியைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். குஸ்தி விளையாட்டல்ல, காட்சி. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதா என்பது பார்வையாளனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அவர் கட்சி. இதில் பாதிதான் எனக்குச் சம்மதம். பார்த் பார்த்த பார்வையாளன் இன்று இல்லை. இன்றைய பார்வையாளனுக்கு யார் ஜெயிக்க வேண்டும் என்று யார் தீர்மானித்தார்கள், என்ன லாபத்துக்காகத் தீர்மானித்தார்கள் என்பதைத் தவிர வேறெதிலும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பையன்களின் சம்பளக் கணக்குகள் எங்களிடம் இருக்கின்றன. செய்யாறிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்து பாஸ்புக் பதிய வரிசையில் நிற்கும்போது போனில் குஸ்தி பார்க்கிறார்கள். 'ரோமன் ரெய்ன்ஸை வருஷக்கணக்கா சாம்பியனா வச்சிருந்தாங்கல்ல, அதுலதான் கம்பெனிக்கு லாபம்' என்று ஒருவன் இன்னொருவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ரெய்ன்ஸின் பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுவதுபோலப் பேசினான். தன் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுமா என்பது அவனுக்கே தெரியாது.

என் தலைமுறை குஸ்தியை அறிந்தது டிரம்ப் கார்டு வழியாக. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள் இருக்கும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் முழுக்க ஒரு புராணம் உலவியது. எண்களும் புராணமும் மல்லனின் உடலைச் சார்ந்தே இருந்தன. பார்வையாளர்களின் எண்ணிக்கை எந்தச் சீட்டிலும் அச்சாகவில்லை. ஆனால் அந்தச் சீட்டுகளை நாங்கள் தெருவில் குத்திக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அமெரிக்காவில் குஸ்தியின் விதியை அந்த எண்தான் எழுதிக்கொண்டிருந்தது.

1995 செப்டம்பரில் டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனி, டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் திங்கட்கிழமை நிகழ்ச்சிக்கு எதிராக அதே இரவில் தன் நிகழ்ச்சியை நிறுத்தியது. 1996லிருந்து 1998வரை தொடர்ந்து 83 வாரங்கள் ரேட்டிங்கில் முந்தியும் நின்றது. 1999 ஜனவரி 4 அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிகழ்ச்சி முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தது. அதில் மிக் ஃபோலி சாம்பியனாகப் போகிறார் என்று போட்டிக் கம்பெனியின் வர்ணனையாளர், மேலிடத்து உத்தரவின்பேரில், நேரலையில் கேலியாகச் சொல்லிவிட்டார். முடிவு தெரிந்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. லட்சக்கணக்கானவர்கள் அந்த நிமிஷமே சேனலை மாற்றி, ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கப் போய்விட்டார்கள். அடிபட்டு அடிபட்டு உருக்குலைந்த ஒரு மனிதனுக்குக் கடைசியில் கிடைப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்கிற ஆசை, முடிவு தெரிந்ததால் அழிந்துவிடவில்லை. பார்த் சொன்னது அன்று ஒரு இரவுக்கு உண்மையாயிற்று. 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. எதிராளிக்கே விற்கப்பட்டது.

இந்த ஆசை நமக்குப் புதிதல்ல. ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் போனால் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைகாலத்தில் பாரதக் கூத்து நடக்கிறது. பதினெட்டாம் போருக்கு மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்கப் போட்டிருப்பார்கள். பீமன் ஜெயிப்பான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். வேஷம் கட்டுவதை யாரும் எட்டிப் பார்க்கலாம்; பூசிக்கொள்கிறவர் இன்ன ஊர்க்காரர் என்பதும் தெரியும். இருந்தும் தொடையில் அடி விழும்போது கூட்டம் நடுங்குகிறது. பீமனை ஜெயிக்க வைத்ததில் யாருக்கு லாபம் என்று அங்கே கேள்வி எழுவதில்லை. ரகசியமே இல்லாத அரங்கு அது. அதனால்தான் அங்கே வம்பும் இல்லை என்று படுகிறது.

தொழில்முறைக் குஸ்திக்கு ரகசியம் தேவைப்பட்டது. உள்வட்டத்தார் அதற்கு 'கேஃபேப்' என்று பெயர் வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். 1989ல் அதிபர் வின்ஸ் மக்மேனின் கம்பெனியே, இது விளையாட்டல்ல, கேளிக்கைதான் என்று நியூ ஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டது. விளையாட்டுத் துறையின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்க அது வழி. 1997 நவம்பர் 9ல் மாண்ட்ரியலில் இன்னொரு திரை விழுந்தது. கம்பெனியை விட்டுப் போகவிருந்த பிரெட் ஹார்ட், தன் சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மறுத்தார். ஒத்துக்கொண்ட முடிவு வேறாக இருக்க, ஹார்ட் பணியாத போதே பணிந்துவிட்டதாக மணியடிக்கச் செய்தார் மக்மேன். ஏமாற்றப்பட்ட கோபம் நிஜம். உடை மாற்றும் அறையில் மக்மேனுக்கு விழுந்த குத்தும் நிஜம். ஆனால் சில மாதங்களுக்குள் மக்மேன் 'கொடுங்கோல் முதலாளி' என்ற வேஷத்தில் தானே அரங்கேறி, தொழிலாளியாக வந்த ஸ்டீவ் ஆஸ்டினிடம் அடிவாங்கிக் கல்லா கட்டினார். அணியறை அரசியலே அதன்பின் அரங்குக்கு வந்துவிட்டது. முதலாளியை வெறுக்கும் உணர்ச்சியையும் முதலாளியே டிக்கெட் போட்டு விற்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்ததில்லை.

இந்தியாவும் இந்தக் கணக்கில் ஒரு வரி. சிங்கப்பூரில் டிரம் செய்யும் ஆலையில் தொழிலாளியாக இருந்து மல்லரான தாரா சிங்குக்கும் ஹங்கேரியக் கிங்காங்குக்கும் நடந்த குஸ்திகளை நம் பாட்டன்மார் நம்பியும் சந்தேகித்தும் பார்த்தார்கள். 2017 மே 21ல் ஜிண்டர் மஹால் என்ற பஞ்சாபி வம்சாவளிக் கனடியர் திடீரென்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. சாம்பியன் ஆக்கப்பட்டார். இந்தியச் சந்தைக்காக என்று எல்லோரும் பேசினார்கள். நவம்பரில் பட்டம் பறிபோயிற்று. டிசம்பர் 9ல் டில்லியில், இந்தியக் கூட்டத்தின் முன்னிலையில், ட்ரிபிள் எச்சிடம் தோற்றார். ட்ரிபிள் எச் மல்லர் மட்டுமல்ல, கம்பெனியின் நிர்வாகி, மக்மேனின் மருமகன். நம் பையன்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பில் எல்லாம் தெரிந்துகொண்டுவிட்ட திருப்தி.

எல்லாம் தெரிந்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். யாருக்குப் பட்டம், யார் யாரை அமுக்கினார் என்பதெல்லாம் தெரிகிறது. தெரியாதது, அல்லது தெரிந்தும் பேச்சில் ஏறாதது, ஒப்பந்தம். அமெரிக்காவின் இந்தப் பெரிய கம்பெனிகளில் மல்லர்கள் ஊழியர்கள் அல்லர், சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். சங்கம் கிடையாது. 1986ல் ஜெஸ்ஸி வெஞ்சுரா சங்கம் அமைக்கச் சக மல்லர்களிடம் பேசினார்; செய்தி மக்மேனுக்கு எட்டியது. போட்டுக்கொடுத்தவர் கம்பெனியின் தலையாய கதாநாயகன் ஹல்க் ஹோகன் என்பது பின்னால் தான் தொடுத்த ஒரு வழக்கின் விசாரணையில்தான் தெரிந்தது என்று வெஞ்சுரா சொல்லியிருக்கிறார். 1999 மே 23ல் கான்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் என்கிற மல்லர், கூரையிலிருந்து இறங்கும் ஒரு வித்தையில் விழுந்து இறந்தார். நிகழ்ச்சி நிற்கவில்லை. அணியறை அரசியல் என்று பெயர் வைக்கத் தகுதியானவை இவை.

எங்கள் வட்டாரத்திலேயே 2024 செப்டம்பர் 9லிருந்து 37 நாட்கள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரதான கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். அந்தச் சங்கம் பதிவாவதற்கே 2025 ஜனவரி ஆயிற்று. சங்கம் என்பது வங்கிக் குமாஸ்தாவான எனக்கு முன்னோர் சேர்த்து வைத்த சொத்து. வரிசையில் நிற்கும் பையன்களில் பலருக்கு அந்த வார்த்தை குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய ஒன்று. ரோமன் ரெய்ன்ஸின் ஒப்பந்தத்தைச் சத்தமாக விவாதிக்கும் அதே வாய்கள் இங்கே தாழ்கின்றன.

இதை அவர்கள் குறையாக நான் சொல்லவில்லை. நம் தொழிலிலும் இதுதான் நடந்திருக்கிறது. 1980களிலிருந்து டேவ் மெல்ட்சர் என்பவர் குஸ்திக்கென்று ஒரு செய்திமடல் நடத்துகிறார். சிறு வட்டத்துக்கு என்று தொடங்கியது, ஏறக்குறைய நம் பத்திரிகைகள் மாதிரி. ஆட்டத்துக்கு நட்சத்திரம் போடுவார்; மல்லர்களின் மரணங்களையும் விடாமல் எழுதுவார். உலகம் நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழில் சினிமாவைப் பற்றிப் பேசுகிறவன் முதல்நாள் வசூலைப் பேசுகிறான். இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவன் எந்த விருது யாருடைய சிபாரிசில் வந்தது என்று பேசுகிறான். இரண்டு பேரும் தங்களை ஏமாறாதவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். கதையை நம்பாதவன் என்ற பெருமையில், கணக்கை நம்புகிறவனாகிவிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை.

விமர்சனம் ரகசியத்தை உடைக்கும் வேலை என்று நாம் பலகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம். ரகசியமே சரக்காகிவிட்ட பிறகு அந்த வேலையைக் கம்பெனியே செய்துகொள்கிறது. விமர்சகனுக்கு மிஞ்சியிருப்பவை பழைய கேள்விகள் இரண்டுதான். அடி விழுந்த உடம்பு யாருடையது? அதற்குக் கூலி எவ்வளவு?